ஆர்டர் எப்படி வரும்? ஓய்வுநேர ஓவியர்களுக்குச் சொல்லப்பட்டு வந்த பதில்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டை என்று இந்தப் பக்கத்து ஆலைகளில் வேலை பார்ப்பவர்களிடையே படம் வரைகிறவர்கள் உண்டு. ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டு, வீடு அடங்கிய பிறகு பென்சிலையோ டேப்லெட்டையோ கையில் எடுப்பவர்கள். வரைந்ததை இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள். ஓவியர்களுக்கென்று இருக்கும் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்களில் போடுகிறார்கள். 'சூப்பர் ப்ரோ', 'வேற லெவல்' என்று பாராட்டு குவிகிறது. காசு கொடுத்து 'எனக்கு ஒன்று வரைந்து தாருங்கள்' என்று கேட்கும் ஆள்தான் அபூர்வமாக வருகிறார். சம்பளத்துக்கு மேல் சிறு வருமானமும், வரையும் கைக்கு ஒரு மரியாதையும் தேடும் இவர்கள் மாறி மாறிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஆர்டரை எப்படிக் கூட்டுவது?

இணையம் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஓவியர்களும் நெசவாளர்களும் சிற்பிகளும் இதைக் கேட்டிருக்கிறார்கள். வணிகர்களும் பொருளியலாளர்களும் சமூகவியலாளர்களும் பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதில்களில் எது எங்கிருந்து வந்தது, எது தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டே வரைகிறவருக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழவேற்காட்டின் முன்பணம்

இதே திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரி வட்டத்தில் இருக்கும் பழவேற்காட்டிலிருந்து தொடங்குவது பொருத்தம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பியது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அக்கம்பெனியின் வாணிபம் இங்கிருந்தே நடத்தப்பட்டது. இந்தோனேசியத் தீவுகளில் மசாலாப் பொருள்களுக்கு மாற்றாகக் கொடுக்கக் கம்பெனிக்குத் துணி வேண்டியிருந்தது. அந்தத் துணியில் கையால் எழுதிய சித்திரத் துணியும் அடக்கம்.

தீவுக்குத் தீவு ரசனை வேறு. ஓரிடத்தில் விலைபோகும் பூவேலை இன்னோரிடத்தில் தேங்கிவிடும். ஆகவே கம்பெனியின் ஆசியத் தலைமையிடமான பட்டாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) எந்த வகை எத்தனை என்ற பட்டியலும், கூடவே மாதிரித் துணியும் வரும். உள்ளூர் வணிகர்கள் கம்பெனியிடம் முன்பணம் வாங்கி, நெய்பவருக்கும் சாயமிடுபவருக்கும் எழுதுபவருக்கும் பகிர்ந்து கொடுப்பார்கள். சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏறித் துணி திரும்பியதும் மாதிரியோடு வைத்துச் சரிபார்ப்பார்கள். ஒத்துவராதது கழிக்கப்படும், அல்லது விலை வெட்டப்படும்.

இந்த ஏற்பாட்டில் எழுதியவர் வாங்குபவரைப் பார்த்ததே இல்லை. கடல் கடந்த ஒருவரின் விருப்பம் ஒரு மாதிரியாகவும் ஒரு முன்பணமாகவும் அவரிடம் வந்து சேர்ந்தது. முகம் தெரியாத வாடிக்கையாளருக்கு வரைவதை இணையம் கொண்டுவந்த புதுமையாக நினைப்பதற்கு இங்கே இடமில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டின் குறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேரம் பேசும் பலம் இடையில் நின்ற வணிகரிடம் இருந்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் சோழமண்டலக் கரைத் துணிகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. எழுதிய கைகளின் பெயர் அநேகமாக எதிலும் இல்லை.

'கை நன்றாக இருந்தால் ஆள் தேடி வரும்'

மிகப் பழைய பதில் இது. குருவிடம் பயின்ற மரபிலும் உண்டு, 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளியின் வழிவந்த கல்வியிலும் உண்டு. திறமையைக் கூட்டு, மற்றது தானே வரும் என்பது அதன் சாரம். மூத்த ஓவியர்கள் குழுக்களில் இளையவர்களுக்குச் சொல்வதும் பெரும்பாலும் இதுவே.

இதற்குப் பொருளியலில் ஒரு துணை உண்டு. 1981இல் ஷெர்வின் ரோசன் எழுதிய கட்டுரை, நட்சத்திரக் கலைஞர்களின் வருமானம் ஏன் மற்றவர்களைவிடப் பல மடங்கு உயர்கிறது என்று விளக்கியது. ஒருவரின் படைப்பு எல்லோருக்கும் எட்டும் நிலை வந்துவிட்டால், திறமையில் உள்ள சிறு வித்தியாசமும் வருமானத்தில் பெரும் வித்தியாசமாகிவிடுகிறது. ஆனால் இதே வாதம் ஓய்வுநேர ஓவியருக்கு எதிராகவும் திரும்புகிறது. இரவில் ஒரு மணி நேரம் பயிற்சி செய்பவர், நாள் முழுதும் வரைபவரோடு ஒரே திரையில் ஒப்பிடப்படுகிறார்.

பலவீனத்தை இன்னும் கூர்மையாகக் காட்டியது 2006இல் மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் வெளியிட்ட சோதனை. 14,000-க்கும் மேற்பட்டோருக்கு, அதிகம் அறியப்படாத 48 பாடல்களைக் கேட்கக் கொடுத்தார்கள். சிலருக்குப் பாடல்கள் மட்டும் காட்டப்பட்டன. மற்றவர்களைத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்த உலகத்தில் எந்தப் பாடலை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்பதையும் காட்டினார்கள். எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் வெற்றிபெற்ற பாடல்கள் உலகத்துக்கு உலகம் மாறின. மிக நல்ல பாடல் அரிதாகவே தோற்றது, மிக மோசமானது அரிதாகவே வென்றது. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்றிருந்தது. பாடலுக்குக் கிடைத்த முடிவை அப்படியே ஓவியத்துக்குப் பொருத்துவதில் எச்சரிக்கை வேண்டும்தான். ஆனாலும் குழுக்களில் லைக் ஓடும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு அந்நியமாகத் தோன்றாது.

ஆகத் திறமையை ஒரு வாசல்படியாகக் கொள்ளலாம். முகச்சாயல் ஒத்துவராத போர்ட்ரெய்ட்டை எந்த விளம்பரமும் காப்பாற்றாது. சாயல் ஒத்துவந்த பிறகு, மேலும் நேர்த்தி கூடுவதால் மட்டும் ஆர்டர் கூடும் என்பதற்கு ஆதாரம் மெலிவு.

கண்ணில் பட்டுக்கொண்டே இரு

இரண்டாவது பதில் இன்று எல்லோர் வாயிலும் இருப்பது: தினமும் போஸ்ட் போடு, ரீல்ஸ் செய், ஹேஷ்டேக் சேர். இதற்கு ஊக்கம் தந்த எழுத்துகளில் முக்கியமானது 2008இல் கெவின் கெல்லி எழுதிய 'ஆயிரம் உண்மை ரசிகர்கள்' கட்டுரை. ஆண்டுக்கு 100 டாலர் செலவழிக்கத் தயாரான 1,000 ரசிகர்கள் இருந்தால் கலைஞர் பிழைத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. ஆயிரம் என்பது எட்டக்கூடிய எண்ணாகத் தெரிந்ததால் அந்த யோசனை பரவியது. 2013இல் தொடங்கிய பேட்ரியான் போன்ற தளங்கள் ஏறத்தாழ அதே நம்பிக்கையின் மீது நிற்பவை.

பரவுதலை நம்பியவர்கள் நம்மிடையே முன்பே உண்டு. 1884இல் கும்பகோணத்துக்காரரான சர் டி. மாதவராவ், ராஜா ரவிவர்மாவுக்கு ஒரு யோசனை எழுதினார்: இத்தனை பேர் படம் கேட்கிறார்கள், ஒரு ஜோடிக் கையால் எல்லோருக்கும் வரைந்து தர முடியாது, தேர்ந்தெடுத்த சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி எண்ணெய் வண்ண அச்சாக எடுக்கலாம். பத்தாண்டுகள் கழித்து, 1894இல், ரவிவர்மா பம்பாயில் சொந்தமாகவே அச்சகம் தொடங்கினார். அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தார்கள். அச்சகமோ கடனில் மாட்டி, சில ஆண்டுகளிலேயே ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியத் தொழில்நுட்பர் கைக்குப் போனது. படம் பரவுவதும் படம் வரைந்தவர் கைக்குப் பணம் வருவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை.

இணையத்தில் இந்தப் பதிலுக்கு மூன்று பலவீனங்கள் தென்படுகின்றன. தளம் நமக்குச் சொந்தமில்லை என்பது ஒன்று: 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது, அங்கே பின்தொடர்பவர்களைச் சேர்த்து வைத்திருந்த எத்தனையோ பேர் ஒரே இரவில் வெறுங்கையரானார்கள். பார்ப்பவரும் வாங்குபவரும் ஒருவரல்லர் என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் ஷிப்ட் தொழிலாளிக்கு முக்கியமானது. ஒரு ரீல்ஸுக்குப் படம் பிடித்து, வெட்டி, பாட்டுச் சேர்த்து ஏற்றும் நேரம், படம் வரைவதற்கென்று இருந்த அதே இரவிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. முழுநேர ஓவியருக்கு அது தொழில் செலவு. ஓய்வுநேர ஓவியருக்கு வரைவதையே இழப்பது. 'தினமும் போடு' என்ற அறிவுரையைத் தருபவர்கள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பதில்லை.

கொடுத்து வாங்கும் குழு

மூன்றாவது பதில் சமூகத்தை நம்புகிறது. மற்றவர் படத்துக்குக் கருத்துச் சொல், அவர்களின் பாத்திரத்தை வரைந்து பரிசளி, சவால்களில் கலந்துகொள், குழு உன்னைத் தூக்கிவிடும் என்கிறது. 2000இல் தொடங்கிய டீவியன்ட்ஆர்ட் காலத்திலிருந்தே படத்துக்குப் படம் மாற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஜேக் பார்க்கர் 2009இல் தனக்காகத் தொடங்கிய அக்டோபர் மாத மைச் சவால், இங்க்டோபர் என்று உலகம் முழுக்கப் பரவி, தமிழ் ஓவியர்களையும் தொட்டது. லூயிஸ் ஹைட் 1983இல் வெளியிட்ட 'பரிசு' என்ற நூல் இந்த நிலைப்பாட்டுக்கு ஒரு தத்துவ அடிப்படை தருகிறது: கலை முதலில் பரிசாகப் புழங்குவது, சந்தை பிறகு வருவது.

குழுவால் கிடைக்கும் நன்மை சிறிதல்ல. கும்மிடிப்பூண்டியில் தனியாக வரைபவருக்குக் காகிதம் எங்கே வாங்குவது, ஃபிக்ஸேட்டிவ் எப்போது அடிப்பது, எந்த வாடிக்கையாளர் ஏமாற்றுகிறார் என்பதெல்லாம் குழுவில்தான் தெரியவரும். ஓவியப் பள்ளி எட்டாதவருக்கு அதுதான் பள்ளி. ஆனால் ஆர்டர் என்று வரும்போது ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கிறது: ஓவியர் குழுவில் இருப்பவர்கள் ஓவியர்கள். பழவேற்காட்டு மீனவர் மீனவர் தெருவிலேயே கூடையை இறக்கி வைப்பது போன்றது இது. பொருளின் தரம் எல்லோருக்கும் தெரியும், வாங்க யாருக்கும் தேவையில்லை.

1973இல் மார்க் கிரனோவெட்டர் முன்வைத்த கருத்து இங்கே உதவும். வேலை பற்றிய செய்தி நெருங்கிய நண்பர்களைவிட, அரைகுறைப் பழக்கமுள்ளவர்கள் வழியாகவே அதிகம் வந்து சேர்கிறது என்றார் அவர். நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். தள்ளி இருப்பவர்தான் வேறொரு வட்டத்துக்குப் பாலம். இந்த நோக்கில் பார்த்தால், சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் தினம் பார்க்கும் முகம், ஆலைக் கேன்டீனில் வேறு பிரிவுக்காரர், மகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் வாட்ஸ்அப் குழு ஆகியவை ஆர்டருக்கு ஓவியர் குழுவைவிடப் பயன்படக்கூடும். கிரனோவெட்டரின் ஆய்வு அமெரிக்காவில் வேலை மாறிய அலுவலர்களைப் பற்றியது என்பதையும் மறக்கக்கூடாது.

விலையும் நம்பிக்கையும்

மேலே சொன்ன மூன்று பதில்களும் ஆளை வரவழைப்பதைப் பற்றியவை. வந்த ஆள் ஏன் திரும்பிப் போகிறார் என்று கேட்பது நான்காவது. இதுவே அதிகம் கவனிக்கப்படாததும், ஆதாரத்தில் அதிக வலுவுள்ளதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து ஒன்றை விளக்கினார். விற்பவருக்குத் தெரிந்த தரம் வாங்குபவருக்குத் தெரியாதபோது, வாங்குபவர் எல்லாவற்றையும் மட்டமானதாக நினைத்தே விலை பேசுவார். நல்ல பொருள் வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகுவார். ஆர்டர் ஓவியத்தில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. வாங்கும் நேரத்தில் பொருளே இல்லை. இனிமேல்தான் வரையப்பட வேண்டும். வாடிக்கையாளருக்குப் பணம் போய்விடுமோ என்ற பயம். ஓவியருக்கு வரைந்த பிறகு ஆள் மறைந்துவிடுவாரோ என்ற பயம்.

ஒரு சாதாரண ஆர்டரைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். மறைந்த அப்பாவின் படம் வேண்டும் என்று ஒருவர் மெசேஜ் அனுப்புகிறார். அவரிடம் இருப்பது பழைய ரேஷன் கார்டிலிருந்தோ பாஸ்போர்ட் அளவுப் படத்திலிருந்தோ செல்போனில் எடுத்த படம். வாட்ஸ்அப்பில் வந்து சேரும்போது அது இன்னும் மங்கியிருக்கும். கண்ணுக்கும் கன்னத்துக்கும் எல்லை தெரியாது. 'எவ்வளவு ஆகும்?' என்பார். ஓவியர் தயங்கி, ஒரு தொகையைச் சொல்லி, உடனே 'பார்த்துக் கொடுங்கள்' என்பார். வரைந்து முடித்த பிறகு, 'கொஞ்சம் சிரித்த மாதிரி', 'அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து', 'சட்டைக்குப் பதில் வேட்டி துண்டு' என்று ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றும் நியாயமான ஆசை; எதுவும் முதலில் பேசப்படவில்லை. கடைசியில் இருவருக்கும் மனக்கசப்பு. அவர் இன்னொருவருக்குச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டிய ஆர்டர்கள் அங்கேயே நின்றுபோகின்றன.

இதற்குப் பழைய உலகம் வைத்திருந்த மருந்து, எழுதிக்கொள்வது. 1485இல் ஃபுளாரன்ஸ் நகரின் அனாதைக் குழந்தைகள் இல்லத்துக்காக ஓவியர் டொமெனிக்கோ கிர்லாந்தாயோ செய்துகொண்ட ஒப்பந்தத்தை மைக்கேல் பாக்சண்டால் 1972இல் எழுதிய நூல் பிரபலமாக்கியது. படம் 30 மாதத்தில் முடிய வேண்டும். கூலி 115 ஃபுளோரின். நீலம் அவுன்ஸ் சுமார் 4 ஃபுளோரின் பெறும் அல்ட்ராமரைனாக இருக்க வேண்டும். காகிதத்தில் காட்டிய வரைவின்படியே வண்ணம் தீட்ட வேண்டும். பெரும் ஓவியர் ஒருவருக்கு இவ்வளவு விவரம் இழுக்காகப் படவில்லை. பழவேற்காட்டு மாதிரித் துணியும் முன்பணமும் அதே பயத்துக்கு இன்னொரு கண்டத்தில் கண்ட மருந்து.

இன்றைக்கு அதன் வடிவம் எளிது: அளவு, விலை, பாதி அட்வான்ஸ், பென்சில் கோட்டு நிலையில் ஒரு ஒப்புதல், எத்தனை திருத்தம் இலவசம், எந்தத் தேதியில் டெலிவரி. 2016இல் யுபிஐ வந்த பிறகு சில நூறு ரூபாய் அட்வான்ஸ் வாங்குவதுகூடச் சங்கடமில்லாத காரியமாகிவிட்டது. பணம் அனுப்பியதாகப் போலி ஸ்கிரீன்ஷாட் காட்டும் மோசடியும் கூடவே வந்தது என்பதால், வங்கிக் கணக்கில் பார்த்த பிறகே பென்சிலைத் தொட வேண்டியிருக்கிறது.

சட்டத்தில் ஒரு விஷயம் பெரும்பாலான ஓய்வுநேர ஓவியர்களுக்குத் தெரிவதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17(b) பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு விலை கொடுத்து வரையவைத்த ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், மாறாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் பதிப்புரிமை உரிமையாளர் கேட்டவரே. வரைந்தவர் அல்லர். தான் வரைந்த ஆர்டர் படத்தைப் பிரிண்ட் போட்டு விற்கவும், காலண்டருக்குக் கொடுக்கவும் ஓவியர் நினைத்தால், அதை முன்கூட்டியே எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

இந்த நிலைப்பாட்டின் குறை, இது வந்த ஆளைத் தக்கவைக்குமே தவிர ஆளையே கொண்டுவராது என்பது. தெரிந்தவர்களிடம் இவ்வளவு கறாராகப் பேசுவது நம் ஊர் வழக்கத்தில் உறுத்தும் என்பதும் உண்மை. மாமா மகனிடம் அட்வான்ஸ் கேட்பது எளிதல்ல.

யார் செலவில் கலை?

விலை பற்றிய பேச்சு இன்னொரு சங்கடத்தைத் திறக்கிறது. ஒரு ஏ4 பென்சில் போர்ட்ரெய்ட்டுக்குப் பத்து மணி நேரம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 500 ரூபாய்க்குக் கொடுத்தால் மணிக்கு 50 ரூபாய்; காகிதமும் கூரியரும் கழித்தால் அதுவும் இல்லை. ஓய்வுநேர ஓவியரால் இந்த விலைக்குக் கொடுக்க முடிவது ஆலைச் சம்பளம் இருப்பதால்தான். டச்சுக்காரரான ஹான்ஸ் ஆபிங், தானே ஓவியரும் பொருளியலாளருமாக இருந்து, 2002இல் 'கலைஞர்கள் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள்?' என்று கேட்டு எழுதிய நூலின் முக்கிய வாதங்களில் ஒன்று இது: வேறு வேலையிலிருந்து வரும் வருமானத்தால் கலைஞர்கள் தங்கள் கலைக்குத் தாங்களே மானியம் கொடுத்துக்கொள்கிறார்கள், அதனாலேயே கலையின் கூலி தாழ்ந்தே கிடக்கிறது. ஓய்வுநேர ஓவியர் விலையைக் குறைத்தால் ஆர்டர் கூடலாம். அதே தெருவில் ஓவியத்தாலேயே சோறு தின்னும் ஒருவரின் அடுப்பில் அது கை வைக்கிறது.

இதற்கு வேறொரு தீர்வு கண்டவர்கள் சென்னைக்குத் தெற்கே இருந்தார்கள். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது, நவீன ஓவியத்தை வாங்க ஆளில்லை. ஓவியர்கள் பாத்திக் முதலான கைவினைப் பொருள்களைச் செய்து, கூட்டாக விற்று, அந்த வருமானத்தில் நிலத்தையும் ஓவியத்தையும் தாங்கினார்கள். விற்பதற்கான வேலை ஒன்று, தனக்கான வேலை ஒன்று என்று பிரித்துக்கொண்டதால், வாடிக்கையாளரின் ரசனை ஓவியத்துக்குள் நுழைந்து ஆட்சி செய்யவில்லை. இந்தப் பிரிவினை இன்றைய ஓய்வுநேர ஓவியருக்கும் ஒரு வழி காட்டுகிறது. ஆனால் அவர்கள் கூடி வாழ்ந்தார்கள், பணிக்கர் போன்ற தலைமை இருந்தது. தனி ஆளாக இரவு பத்து மணிக்கு மேல் இரண்டு வேலை பிரிப்பது அவ்வளவு இலகுவல்ல.

பக்கத்தில் இருக்கும் தேவை

ஐந்தாவது பதில், எல்லோருக்கும் எல்லாம் வரையாதே, ஒரு குறிப்பிட்ட தேவையைப் பிடி என்பது. இதை விற்பனை ஆலோசகர்களின் கண்டுபிடிப்பாக நினைக்க வேண்டாம். கோவில்பட்டி சி. கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் குழுக்களுக்குத் திரை எழுதியவர். 1940களில் கோவில்பட்டியில் தங்கி, சீடர்களோடு வரைந்த சாமி படங்கள் பக்கத்துச் சிவகாசியின் அச்சகங்கள் வழியாகக் காலண்டர்களாகித் தமிழகமெங்கும் தொங்கின. நாடக மேடை மங்கியபோது அவர் கை நின்றுபோகவில்லை. அருகிலிருந்த தொழிலுக்கு என்ன படம் வேண்டுமோ அதைக் கொடுத்தது.

கும்மிடிப்பூண்டிக்கு அருகிலிருக்கும் தொழில் எது? ஆலைகள். தேசியப் பாதுகாப்பு கவுன்சில் 1966 மார்ச் 4 அன்று அமைக்கப்பட்டதை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் அந்த நாள் பாதுகாப்பு தினமாகக் கொண்டாடப்படுகிறது. போஸ்டர் போட்டிகளும் பாதுகாப்புப் பலகைகளும் அதன் ஒரு பகுதி. இங்குள்ள ஆலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் தமிழர்களோடும் தெலுங்கர்களோடும் ஒரே இயந்திரத்தில் நிற்கிறார்கள். நான்கு மொழியில் எழுதிய எச்சரிக்கையைவிட, எந்த மொழியும் தேவைப்படாத ஒரு படம் கையைக் காப்பாற்றும். அந்த இயந்திரத்தில் தினம் வேலை பார்த்தவரைவிட அதைச் சரியாக வரையக்கூடியவர் யார்? ரோலிங் மில்லில் எங்கே கை மாட்டும் என்பது வெளியூர் டிசைனருக்குத் தெரியாது. ஆயுத பூஜை அலங்காரம், பணி ஓய்வு பெறுபவருக்கு அவர் நின்ற இயந்திரத்தோடு ஒரு படம், நிறுவன ஆண்டு விழா என்று தேவைகள் நீள்கின்றன. இணையத்தில் உலகத்தோடு போட்டியிடும் ஓவியர், இந்த ஒரு இடத்தில் போட்டியே இல்லாமல் நிற்கிறார். இந்தப் பதில் மற்றவற்றைவிடக் குறைவாகப் பேசப்படுவது வருத்தத்துக்குரியது.

தடைகளும் உண்டு. பெரிய ஆலைகள் தனி ஆளிடம் சட்டென்று வாங்குவதில்லை. வெண்டார் பதிவு, பில், கொள்முதல் பிரிவின் ஒப்புதல் எல்லாம் வேண்டும். பணம் வரத் தாமதமாகும். 2006ஆம் ஆண்டுச் சிறு, குறு தொழில் சட்டம், பதிவு பெற்ற குறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது. அதை வலியுறுத்திக் கேட்கும் துணிவு புதியவருக்கு வருவது கடினம். தான் வேலை பார்க்கும் ஆலைக்கே விற்க, நிர்வாகத்தின் அனுமதியும் தேவைப்படலாம். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் ஒரு மணி நேரத்தில் பலகை அடித்துக் கொடுக்கிறார் என்பது இன்னொரு தடை.

இயந்திரம் வரையும் காலம்

சென்னையின் சினிமா பேனர் ஓவியர்கள் இதே தடையில்தான் விழுந்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஃப்ளெக்ஸ் அச்சு பரவியதும் அவர்களின் பெரும் தொழில் சில ஆண்டுகளில் சுருங்கிப்போனது. 2022இல் மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தபோது அந்த நினைவு பலருக்கும் வந்திருக்கும். 2025 மார்ச்சில் சாட்ஜிபிடி வழியாகக் கிப்லி பாணியில் குடும்பப் படங்கள் செய்து போடும் மோகம் தமிழ்நாட்டின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களையும் நிரப்பியது. 'என் போட்டோவை கார்ட்டூனாக்கித் தருவீர்களா?' என்ற வகை ஆர்டரை நம்பியிருந்தவர்களுக்கு அது நேரடி அடி.

இணையத்தில் தனிவேலை தரும் ஒரு பெரும் சந்தையை வைத்து டெமிர்சி, ஹன்னானே, ஜு ஆகிய மூவரும் செய்த ஆய்வு, இந்தக் கருவிகள் வந்த பின் படம் உருவாக்கும் வேலைகளுக்கான அறிவிப்புகள் ஏறத்தாழ 17 சதவீதம் குறைந்ததாகக் கணித்தது. அது திரையில் தொடங்கித் திரையிலேயே முடியும் வேலைகளைப் பற்றியது. காகிதத்தில் கரிக்கோலால் வரைந்து, சட்டம் போட்டு, பூஜை அறைக்குப் பக்கத்தில் மாட்டும் அப்பாவின் படத்துக்கு அதே எண்ணைப் பொருத்துவது அவசரம். கையால் வரைந்தது என்பதற்கே ஒரு மதிப்பு கூடும் என்பவர்களும் உண்டு. வரையும்போதே எடுத்த வீடியோவைப் படத்தோடு கொடுப்பவர்கள் அந்த மதிப்பை நம்புகிறவர்கள். அந்த மதிப்பு விலையாக மாறுமா, பாராட்டோடு நின்றுவிடுமா என்பது தீராத கேள்வி.

தீர்ந்ததும் தீராததும்

ஐந்து பதில்களையும் ஒன்றாக வைத்தால், திறமை இல்லாமல் எதுவும் நடக்காது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. கண்ணில் படுவது உதவலாம். ஆனால் ஓய்வுநேர ஓவியரிடம் இல்லாத நேரத்தைத்தான் அது கேட்கிறது, பலனும் சீட்டு விழுவதைப் பொறுத்தது. ஓவியர் குழு கற்கவும் தெம்பு பெறவும் நல்ல இடம். வாங்குபவரை அங்கே தேடுவது வீண். எழுதிக்கொண்ட நிபந்தனையும் பக்கத்துத் தேவையும் நூற்றாண்டுகள் தாண்டி, பழவேற்காட்டிலும் ஃபுளாரன்ஸிலும் கோவில்பட்டியிலும் வேலை செய்த பதில்கள். இவற்றையே முதலில் செய்து பார்க்க வேண்டும் என்பது என் மதிப்பீடு.

சில கேள்விகள் திறந்தே இருக்கின்றன. ஓய்வுநேர ஓவியரின் குறைந்த விலை முழுநேர ஓவியரை எவ்வளவு பாதிக்கிறது? இயந்திரப் படங்கள் கையால் வரைந்ததன் மதிப்பை உயர்த்துமா, தாழ்த்துமா? எல்லாவற்றுக்கும் முன்பாக, வாரத்துக்குச் சில மணி நேரமே உள்ள ஒருவருக்கு அதிக ஆர்டர் வருவது நன்மைதானா? நல்ல விலைக்கு மாதம் இரண்டு ஆர்டர் போதும், மீதி இரவுகள் தனக்காக வரைய வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்தால், அதைத் தோல்வி என்று சொல்ல எந்த ஆய்விலும் ஆதாரமில்லை.

தமிழ் ஓவியர் குழுக்களை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பொதுவான ஆர்டர் படிவத்தை நல்ல தமிழில் எழுதி, குழுவின் மேலே பின் செய்து வையுங்கள்: அளவு, விலை, அட்வான்ஸ், திருத்தங்களின் எண்ணிக்கை, டெலிவரி தேதி, பதிப்புரிமை யாருக்கு. ஆறு வரி போதும். மாமா மகனிடம் அட்வான்ஸ் கேட்கத் தயங்குபவர், 'எங்கள் குழுவின் வழக்கம் இது' என்று சொல்லி அந்தப் படிவத்தை அனுப்பிவிடலாம்.